மீனுக்கு முன்னால்

'அமுதசுரபி' அடுக்ககத்தின் வாசலில் இருந்த மீன்தொட்டியில் மீன் இல்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கு என் மேல் இருந்த முதல் மனக்குறை அதுதான். ஆளுயரக் கண்ணாடி, அடியில் கூழாங்கல், குமிழ்விடும் காற்றுக் குழாய், மேலே விளக்கு எல்லாம் இருந்தன. நான் காலையில் வந்து ஒரு புட்டியைத் திறந்து அதற்குள் அம்மோனியாவைச் சொட்டுவேன். மூக்கைத் துளைக்கும் ஒரு திரவத்தைக் காலித் தொட்டிக்கு ஊட்டுவதற்கென்று அரசாங்கம் ஒரு பெண்ணைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது என்பதை ஜனங்கள் ஜீரணிக்கக் கொஞ்ச காலம் ஆகும். எனக்கு அது பழகிப்போன விஷயம்.

என் பெயர் மங்கையர்க்கரசி. பதவி, நீர் முதிர்வு ஆய்வாளர். சென்னைக்கு வெளியிலிருந்து தண்ணீர் வருவது நின்ற பிறகு உண்டான பதவி இது. ஏரிகள் போய்விட்டன. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்கு மின்சாரம் கட்டுப்படியாகவில்லை. இப்போது ஒவ்வொரு அடுக்குமாடியும் தன்னிடம் உள்ள தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து குடிக்கிறது. கட்டி முடித்ததும் ஒரே ஒரு தடவை நிரப்புவார்கள், அதோடு சரி. குளித்தது, துவைத்தது, கழிவறையில் போனது எல்லாம் அடித்தளத்தில் இருக்கும் வடிகட்டிப் படுகைக்கு இறங்கி, மொட்டைமாடித் தோட்டத்துக்கு ஏறி, மறுபடி குழாயில் வந்து விழும். கட்டடமே ஒரு மீன்தொட்டி, உள்ளே இருக்கும் மீன் நாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் வாசலில் நிஜ மீன்தொட்டி. கட்டடத்தில் ஓடும் அதே தண்ணீர்தான் அதிலும் ஓடும். அதில் மீன் விட்டு, மீன் ஒரு வாரம் பிழைத்திருந்தால்தான் மனிதர்கள் குடியேறலாம் என்பது சட்டம். தொட்டிக்கு எதிரே ஒரு கேமரா இருக்கும். மீனை எப்போது விடலாம் என்று சொல்வது என் வேலை.

"மேடம், தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு. நாலு மீனை விட்டா என்ன?" என்று தெய்வசிகாமணி கேட்டார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். எல்லாவற்றுக்கும் பச்சைக்கொடி காட்டிப் பழகிய மனிதருக்கு நான் சிவப்புக் கொடியோடு நிற்பது பிடிக்கவில்லை.

"விட்டா செத்துடும் சார்."

"இவ்ளோ சுத்தமான தண்ணியிலயா?"

"சுத்தமா இருக்கறதுதான் சார் பிரச்சினை. மீன் கழிச்சா அம்மோனியா வரும். அது விஷம். அதைத் தின்ன ஒரு பாக்டீரியா வேணும். அது தின்னுட்டு நைட்ரைட்னு ஒண்ணை விடும். அது அதைவிடப் பொல்லாத விஷம். அதைத் தின்ன இன்னொரு பாக்டீரியா வரணும். இந்த ரெண்டாவது ஆள் இருக்கானே, மகா சோம்பேறி. ஆடி அசைஞ்சு நிதானமாத்தான் வருவான். அவன் வந்து உக்காந்துட்டா அப்புறம் மிஞ்சறது செடிக்கு உரம். மீன்கடைக்காரங்க இதுக்குத்தான் தொட்டி சைக்கிள் ஆகணும்னு சொல்வாங்க."

"அப்ப அந்த அம்மோனியா?"

"மீன் இல்லாத வரைக்கும் அவங்களுக்குச் சோறு போட ஆள் வேணுமே. அதான் நான் போடறேன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "ஆனி கடைசி முகூர்த்தத்துல பால் காய்ச்சிடணும் மேடம். விட்டா ஆடி. ஆடியில யார் புதுவீடு போவாங்க? அப்புறம் ஆவணி வரைக்கும் கொட்டாய்தான்" என்றார்.

அந்தக் கொட்டகையை நான் பார்த்திருந்தேன். பழைய குடியிருப்பு இடிந்துவிழும் நிலை என்று அறிவித்த பிறகு, அத்தனை குடும்பங்களையும் கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் வைத்திருந்தார்கள். இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு கடல்நீர் ஆலைகளிலிருந்து லாரி வரும்போது தண்ணீர். வராதபோது இல்லை. சிகாமணியின் மகள் புனிதவதி அங்கே ஒரு கைக்குழந்தையோடு இருந்தாள். இன்னும் கழுத்து நிற்காத பெண் குழந்தை, முதுகெல்லாம் வேர்க்குரு. புனிதாவுக்கு அம்மா இல்லை, கணவன் சரக்குக் கப்பலில். தாய்ப்பால் போதாமல் பால்மாவு கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் நானே என் பாக்டீரியாக்களைச் சீக்கிரம் வாருங்களடா என்று கெஞ்சுவேன்.

கெஞ்சலுக்குப் பலன் இருந்தது. என் சோதனைக் குழாயில் நைட்ரைட் இருந்தால் நீர் ஊதாவாக மாறும், இல்லையென்றால் வெளிர்நீலம். நாளாக ஆக ஊதா வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு சனிக்கிழமை ஏறக்குறைய நீலமாகவே இருந்தது. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே மீன் விட்டுவிடலாம் என்று சிகாமணியிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை வந்தபோது வாசலிலேயே பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது.

அடித்தளத்துக்கு ஓடினேன். தரையில் மாக்கோலம். சுவரில் மாவிலை. படுகை அறையின் இரும்புக் கதவில் மஞ்சள், குங்குமப் பொட்டு. உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த வடிகட்டிப் பஞ்சுகள் புது இட்லித் துணி போல வெள்ளை வெளேரென்று இருந்தன. இரண்டு நாளுக்கு முன் அவை பழுப்பு நிறத்தில், தொட்டால் வழுக்கிக்கொண்டு இருந்தவை.

சிகாமணி பின்னாலேயே வந்தார். முகமெல்லாம் பெருமை. "நேத்து சங்கத்துல எல்லாரும் இறங்கிட்டோம் மேடம். மேலேர்ந்து ஆரம்பிச்சு அலசி விட்டுட்டே வந்தோம். கீழ இந்த ரூமைத் திறந்தா, யப்பா, என்ன அழுக்கு. பாசி பிடிச்சு, நாத்தம் வேற. இதை வெச்சுக்கிட்டு எப்படிப் பால் காய்ச்சறது? பொம்பளைங்க ஒவ்வொரு பஞ்சா எடுத்து பிளீச்சிங் போட்டு, மஞ்சத்தண்ணியில முக்கி..."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம்?"

"அது அழுக்கு இல்லை சார். அதுதான் அந்தப் பாக்டீரியா."

அவர் பஞ்சுகளைப் பார்த்தார். "பூச்சியெல்லாம் தொட்டியில இருக்குன்னுல்ல நெனச்சேன்."

"தொட்டியில ஒண்ணுமில்ல. தண்ணி மட்டும்தான். உயிர் அத்தனையும் இங்க இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் யார்மேல் அதைக் கொட்டுவது? மாதக்கணக்கில் தகரத்தின் கீழ் புழுங்கிக் கிடந்தவர்கள், கிடைக்கப்போகும் வீட்டை ஆசை தீரக் கழுவியிருக்கிறார்கள். நம் ஊரில் புதுவீட்டுக்குப் போகிற எவரும் செய்கிற காரியம். பூட்டியிருக்க வேண்டிய அறைக்குச் சாவி கொடுத்தவன் கட்டுமான நிறுவனத்தின் மேலாளர் கஜேந்திரன். அவன் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், அவன் அதற்குள் ஒரு யோசனையோடு வந்து நின்றான்.

அன்று மாலை சங்கத்தார் அத்தனை பேரும் வாசல் கூடத்தில் கூடியிருந்தார்கள். சோதனைக் குழாய்களைக் காட்டினேன். நான் ஊட்டிய அம்மோனியா அப்படியே கிடந்தது, தின்ன ஆளில்லை. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றேன்.

"மேடம், நீங்க டென்ஷனே ஆவ வேணாம்" என்றான் கஜேந்திரன். "கொளத்தூர் மார்க்கெட்ல சொல்லி வெச்சுட்டேன். காலைல காலைல புது மீனு கொண்டாந்துடுவான். செத்ததை எடுத்துட்டு இதை விட்டுட்டா முடிஞ்சுது. கேமராவுக்கு மீனு ஓடிட்டு இருந்தா சரி. எல்லா பில்டிங்லயும் நடக்கறதுதான் இது. நீங்க ஒரு கையெழுத்து போட்டா இவங்க முகூர்த்தத்துக்கு உள்ள போயிடுவாங்க."

கூடத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. சிகாமணி என்னை நம்பிக்கையோடு பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"மீன் எப்படி சாகும்னு சொல்லிடறேன்" என்றேன். "நைட்ரைட் ரத்தத்துல போய் ஒட்டிக்கும். ரத்தம் காபி நிறமா ஆயிடும். அப்புறம் அது காத்தை எடுத்துக்காது. தண்ணியில காத்து கொப்புளிச்சிட்டு இருந்தாலும் மீன் மேல வந்து வாயைப் பிளந்துட்டே சாகும்."

"மீனுதானே மேடம்" என்றது ஒரு குரல்.

"பெரியவங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள் புனிதா. சுவரோரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஒண்ணும் தெரியாது. மிஞ்சிப்போனா தலைவலி."

"இவளுக்கு?"

நான் பொய் சொல்லவில்லை. "இந்த வயசுக் குழந்தைக்கு மீனுக்கு ஆகறதுதான்மா ஆகும். உதடு நீலமாகும். மூச்சு முட்டும்."

"காய்ச்சிக் கொடுத்தா?"

"காய்ச்சினா தண்ணிதான் ஆவியாப் போகும். அது அப்படியே நிக்கும். இன்னும் கெட்டியாகும்."

"லாரித் தண்ணிய வாங்கிக்கிட்டா?"

"அது கொட்டாய்க்கு மட்டும்தான். குடி போன அன்னைக்கு நிறுத்திடுவாங்க."

புனிதா அப்பாவைப் பார்த்து, "நான் வரலைப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "ஒரு குழந்தைக்காக அத்தனை குடும்பமும் கொட்டாய்லயே கிடக்கணுமா? எங்க வீட்லயும் வயசானவங்க இருக்காங்க. வெயில்ல அவங்க போயிட்டா யார் பதில் சொல்றது?" அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தத் தகரத்தின் கீழ் ஒரு பகல் இருந்து பார்த்தால் நானும் கேட்பேன். ஆனாலும் கையெழுத்து என்னுடையது.

"ஒரு குழந்தைக்காகத்தான் சார் அந்தத் தொட்டியே வெச்சது. நான் போட மாட்டேன்."

"மேல ஒரு போன் போட்டா உங்களை மாத்திடுவாங்க மேடம்" என்றான் கஜேந்திரன், அனுதாபத்தோடு.

"மாத்தட்டும். மாத்தற வரைக்கும் நான்தான் இங்க ஆபீசர். அந்த ரூம் சாவியைக் கொடுங்க."

கொடுத்தான்.

காலத்தைச் சுருக்க ஒரு வழி இருந்தது. மீன் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி. பழைய தொட்டியில் ஊறிய பஞ்சில் கொஞ்சம் வாங்கிப் புதுத் தொட்டியில் போட்டால், தயிருக்கு உறை ஊற்றியது போலச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அக்கம்பக்கத்து அடுக்ககங்களுக்கெல்லாம் போய்க் கேட்டேன். காபி கொடுத்தார்கள், சங்கத்தில் கலந்து சொல்வதாகச் சொன்னார்கள், பிறகு போனை எடுக்கவில்லை. தங்கள் உயிர் ஓடுகிற படுகையை எவன் பிய்த்துக் கொடுப்பான்? மிஞ்சியது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய பிளாக் ஒன்றுதான்.

நகரத்தில் முதன்முதலில் மூடிய தண்ணீரில் ஓட ஆரம்பித்த கட்டடம் அது. 'நீரகம்' என்ற கம்பெனி தன் துப்புரவுத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. கம்பெனி எப்போதோ கைமாறிப் போய்விட்டது, ஆட்கள் இருக்கிறார்கள். அமுதசுரபிக்கு அஸ்திவாரம் போட்டபோதே, அந்தப் பக்கச் சுவரை மட்டும் உயர்த்திக் கட்டச் சொல்லி சங்கத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

"அவங்க தண்ணியையா கொண்டாரப் போறீங்க?" என்றார் சிகாமணி.

"தண்ணியில்ல சார். பஞ்சு."

"அதைத்தான் சொல்றேன். அது அவங்க..." முடிக்கவில்லை. படித்த மனிதர், வாய் கூசியது.

நானே முடித்தேன். "அவங்க கழிச்சதுல வளர்ந்தது. உங்க படுகையில நீங்க கழிச்சதுல வளரும். அதுக்கு வித்தியாசம் தெரியாது சார், நமக்குத்தான் தெரியும்."

அவர் அந்த உயரமான சுவரைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, நானும் வர்றேன். கழுவினது நாங்க. கேக்கவும் நாங்கதான் போகணும்" என்றார். அன்றுதான் அவரை எனக்குப் பிடித்தது.

பழைய பிளாக்கின் படுகையைப் பார்த்துக்கொள்பவர் எஸ்தர். ஐம்பது வயதிருக்கும். கனத்த உடம்பு, உரத்த குரல். எங்களை அடித்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் எதிர்பார்த்த நாற்றம் இல்லை. புதுமழை பெய்த தோட்டத்து மண்வாசனை அடித்தது. பஞ்சுகள் கரும்பழுப்பாக, கொழகொழவென்று செழித்திருந்தன. குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தேன். அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. துளிகூட இல்லை. என் உத்தியோகத்தில் இத்தனை சுத்தமான தண்ணீரை நான் பார்த்ததில்லை என்று அவரிடமே சொன்னேன்.

"மெய்யாலுமா? இத்தினி வருசத்துல ஒர்த்தரும் வந்து பாத்ததில்லம்மா" என்றார்.

சிகாமணி சுற்றுமுற்றும் பார்த்தார். "உங்க மீன்தொட்டி எங்கம்மா இருக்கு?"

"எங்களுக்கு ஏது சார் தொட்டி? அந்த ரூலு எங்களுக்கு அப்பால வந்தது." எஸ்தர் ஒரு பஞ்சைத் தூக்கி, ஓரத்தில் சொட்டிய நீரை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். "பில்டிங் முடிஞ்ச மறுநாளே எங்கள உள்ள வுட்டாங்க. இந்தப் பஞ்சுலாம் அன்னிக்கு வெள்ளையாத்தான் இருந்துச்சு. ஒர்த்தரும் வந்து எதையும் ஊத்தல. நாங்க போனதுலயே நாங்க குடிச்சு அதுவாப் பழுத்துச்சு."

எனக்கு அடுத்தது என்ன என்று தெரிந்துவிட்டது. கேட்க விரும்பவில்லை.

"அந்த வருசம் பொறந்த கொழந்தைங்க தங்கல. எம்பொண்ணும் ஒண்ணு. உதடு நாவப்பயம் மாரி ஆயிடுச்சு. டாக்டரு இருதயத்துல ஓட்டைன்னாரு. ஒரே பில்டிங்ல அத்தினி கொழந்தைக்கும் எப்டி சார் இருதயத்துல ஓட்டை வரும்?"

என் பதவியை உண்டாக்கிய அரசாணையில் 'முதற்கட்ட அனுபவங்களின் அடிப்படையில்' என்று ஒரு சொற்றொடர் வரும். பயிற்சியின்போது அதை மனப்பாடமே செய்திருக்கிறேன். எந்த அனுபவம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வந்த விஷயத்தைச் சிகாமணியால் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன். மூன்றில் ஒரு பங்கு பஞ்சு வேண்டும், கொடுத்தால் இங்கே படுகை பலவீனமாகும், மறுபடி அது வளரும் வரை கட்டடம் முழுக்கத் தண்ணீரைக் குறைத்துச் செலவழிக்க வேண்டியிருக்கும் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். குழந்தையைப் பற்றியும் சொன்னேன். எஸ்தர் மாடி மாடியாகக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

கேட்டபோது சண்டை வந்ததாம். சுவரை உயர்த்தியவர்களுக்கா கொடுப்பது என்று இளவட்டங்கள் குதித்திருக்கிறார்கள். "செவுத்த ஒசத்துனவங்களுக்கு நான் தரல, அந்தக் கொழந்தைக்குத் தர்றேன்னு சொன்னேன். அதுக்கு மேல யாரும் பேசல" என்றார் எஸ்தர் மறுநாள்.

பஞ்சுகளை அவற்றின் தண்ணீரிலேயே மூழ்கவைத்து டிரம்களில் தள்ளிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தோம். சுவர் உயரம் என்பதால் சுற்று கொஞ்சம் அதிகம். அமுதசுரபியின் படுகையில் மிச்சமிருந்த குளோரினை முறித்து, தயாராக வைத்திருந்தேன். வாசலில் சங்கத்தார் நின்றிருந்தார்கள். டிரம்மைத் திறந்ததும் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். சிகாமணி கைக்கடிகாரத்தைக் கழற்றி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முழங்கை வரை உள்ளே விட்டு முதல் பஞ்சைத் தூக்கினார். அதன் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. வந்தவர்கள் போதும்.

முகூர்த்தத்தன்று தண்ணீர் இன்னும் ஊதாவாகத்தான் இருந்தது. கஜேந்திரன் கடைசி முறையாக என்னைப் பார்த்தான், நான் முடியாது என்று தலையாட்டினேன். ஆனாலும் நல்ல நாளை விடவில்லை. லாரித் தண்ணீரை ஒரு குடத்தில் கொண்டுவந்து, ஒரே அடுப்பில் எல்லோருக்குமாகப் பால் காய்ச்சினார்கள். பால் காய்ச்சிய வீட்டில் அன்றிரவு யாராவது படுக்க வேண்டுமே. சிகாமணி ஒரு பாயோடு தனியாகப் படுத்துவிட்டு, விடிந்ததும் கொட்டகைக்குத் திரும்பினார். என் மேல் இருந்த கோபம் பலருக்கும் தீரவில்லை. பால் டம்ளரை எனக்கு யாரும் நீட்டவில்லை, புனிதாதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆடி பிறந்தது. வெயில் மட்டும் சித்திரையிலேயே நின்றுகொண்டது. லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றானது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. குடியேறவிடாமல் தடுத்தவள் நான்தான் என்ற நினைப்பு, சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வந்தது. சரியான காரியம்தான் செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதே கஷ்டமாக இருந்தது.

ஒரு முற்பகலில் நான் கொட்டகையில் இருந்தபோது எஸ்தர் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தகரக் கூரையை ஒரு பார்வை பார்த்தார்.

"யாரும்மா அது, புனிதாவா?"

புனிதா குழந்தையோடு எழுந்து வந்தாள்.

"ஆடி மாசம் பொண்ண அம்மா வூட்டுக்குக் கூட்டினு போவாங்கல்ல. அதான் வந்தேன். துணிமணிய எடுத்துக்க."

புனிதா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வீடு என்று யாரும் அவளிடம் பேசி வருஷங்கள் ஆகியிருக்கும். சிகாமணி மூலையில் இருந்த பால்மாவு டப்பாவையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் காலை நான் பழைய பிளாக்குக்குப் போனேன். பஞ்சு எடுத்த பிறகும் அவர்கள் தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துவர வேண்டியிருந்தது. நன்றாகவே இருந்தது. சிகாமணியும் பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். முற்றத்துக் குழாயடியில் ஒரு நடுத்தர வயதுக்காரர் தண்ணீர் பிடித்து, நின்றபடியே ஒரு டம்ளர் குடித்துவிட்டு, படியில் போய்ச் சும்மா உட்கார்ந்தார். நான்கைந்து பெண்கள் காலிக் குடத்தோடு சுற்றி நின்றார்கள். யாரும் குழாயைத் தொடவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நடக்குது?" என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"மொத டம்ளரும்மா. இன்னிக்கு நாலாவது மாடி மொற. பெரியவங்க ஒர்த்தர் குடிச்சுட்டு உக்காரணும். அவருக்கு ஒண்ணும் ஆவலைன்னா அப்பால மத்த வூட்ல கொழந்தைங்களுக்குப் பால் கரைப்போம். எம்பொண்ணு செத்துப்போன அந்த வருசத்துலேர்ந்து ஒரு நாளு வுட்டதில்ல."

உண்மையைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. "அக்கா, அந்த விஷம் பெரியவங்களை ஒண்ணும் பண்ணாது. அவர் குடிச்சுப் பாத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது."

"தெரியும்மா. ஆஸ்பத்திரில ஒரு நர்சம்மா எப்பவோ சொல்லிட்டாங்க." எஸ்தர் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "எங்களுக்கு மீனு யாரு வுட்டாங்க? கொழந்தைக்கு முன்னாடி யாராச்சும் ஒர்த்தர் குடிக்கணும்ல. சும்மா எப்டிக் குடுக்கறது?"

படியில் இருந்தவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். பெண்கள் குழாயைத் திறந்தார்கள்.

சிகாமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு எஸ்தரிடம் மெதுவாகக் கேட்டார். "உங்க வீட்டு முறை எப்பம்மா வரும்?"

"நாளைக்கு சார்."

"புனிதா உங்க வீட்லதானே இருக்கா."

எஸ்தர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆறு மணிக்கு வந்துடுங்க" என்றார்.

அமுதசுரபியில் ஊதா அன்று நன்றாக வெளுத்திருந்தது. பழைய பிளாக்குக்கு ஒரு தொட்டி வேண்டும் என்று அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். அவர்கள் தரும்வரை தினமும் நானே வந்து சோதிப்பதென்று முடிவும் செய்துகொண்டேன். விடிந்ததும் என் சோதனைக் குழாய்களோடு அங்கே போனேன். குழாயடியில் நீர் பிடித்தேன். வெளிர்நீலம்.

சிகாமணி படியில் உட்கார்ந்திருந்தார். கையில் காலி டம்ளர். மாடியில் அவர் பேத்தி பசிக்கு வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். புனிதா பால்புட்டியோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சோதனைக் குழாயை அவரிடம் காட்டினேன். "தண்ணி சுத்தம் சார். கொடுக்கச் சொல்லுங்க."

"தெரியும் மேடம்" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும். எனக்கு ஒண்ணும் ஆகலையான்னு பாத்துடுவோம்."